ரெண்டு தட்டு

அவள் பெயரைச் சொல்லப்போவதில்லை. மறந்துபோய் அல்ல. நாலு பேர் அவளைப் புகழ்ந்து நான் கேட்டது போதும், என் கையாலும் ஒரு விளம்பரம் எதற்கு என்றுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் துறையில் நாங்கள் இருவரும் தற்காலிக ஆசிரியைகளாக இருந்தோம். நான் ஆழ்வார்திருநகரி, கணக்கு வாத்தியார் மகள். திருச்செந்தூர் பாசஞ்சரில் தினமும் வந்துபோய்க்கொண்டிருந்தேன். அவள் கூடங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அப்பா கப்பலில் வேலை. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமையானால் ஊருக்கு பஸ் ஏறிவிடுவாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். என்னை ‘எக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். பரீட்சை மார்க்கில் நான்தான் மேல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி வரப்போகிற எதிலும் நான் மேல் இல்லை.

ஒரு பொருள் கெட்டுப்போனால் நமக்கெல்லாம் எரிச்சல் வரும். அவளுக்குச் சந்தோஷம் வரும். கெட்ட பொருள் தானாகச் சரியாகிவிட்டால்தான் அவள் முகம் தொங்கிப்போகும். ஆசிரியர் அறையில் ஒரு டியூப்லைட் அடிக்கடி கண்சிமிட்டும். நான்தான் எலக்ட்ரீசியனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் ஏணியோடு வந்து நின்றதும் அது ஆடாமல் அசையாமல் எரிந்தது.

“நல்லாத்தான எரியுது டீச்சர்?” என்றார் அவர்.

“அதான் அண்ணாச்சி கோளாறே. உங்களக் கண்டதும் நல்ல புள்ளையா எரியுது. செத்த உக்காருங்க. அது மறுபடி கெடட்டும்” என்றாள் அவள்.

அவர் ஏணியைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். டீ வந்தது. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது, கூப்பிட்டவள் நான் அல்லவா. கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையில் யாரோ மின்விசிறியைப் போட, விளக்கு கண்சிமிட்டியது. “கெட்டுட்டு எக்கா, கெட்டுட்டு!” என்று சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள். எலக்ட்ரீசியனும் சேர்ந்து சிரித்தார். கோளாறு அடுத்த அறை ஒயரில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் கல்லூரிக்கு எந்த வேலையாக வந்தாலும் எங்கள் அறை வாசலில் நின்று, “கடக்கரை டீச்சர் இருக்காவளா?” என்று விசாரித்துவிட்டுத்தான் போவார். என்னை அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

ஜங்ஷனில் ஒரு கடையில் குடை வாங்கப்போனோம். நான் நிறம் பார்த்தேன், விலை பேசினேன். அவள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க” என்றாள். கடைக்காரர் குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை என் கையில் தந்து மேலே ஊற்றச் சொன்னாள். கடைவாசலில், அத்தனை பேர் பார்க்க, நான் ஊற்றினேன். “ஒழுகுனா இங்கன ஒழுகட்டும். மழையில நிக்கும்போது ஒழுகி என்ன பிரயோசனம்?” என்றாள். கடைக்காரர் கோபப்படுவார் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவரோ விலையில் குறைத்துக் கொடுத்தார்.

இப்படித்தான். அவள் செய்கிற கூத்துக்கெல்லாம் உலகம் சிரித்துக்கொண்டே வழிவிடும். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வேன், ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். எங்கள் துறைத்தலைவர், அவரை நாங்கள் சார் என்போம், என்னை ‘மேடம்’ என்பார். அவளை ‘இங்கன வாம்மா’ என்பார். எனக்கு மரியாதை, அவளுக்குப் பிரியம். இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த வருஷம் துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் வரப்போவதாகச் சொன்னார்கள். கல்வியாண்டு முடிவில் நேர்முகத் தேர்வு. போட்டிக்கு வேறு ஆள் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா ஓய்வுபெற்றிருந்தார். வீட்டில் எனக்குப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “வேலை பெர்மனென்ட்தானா?” என்பது. அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டும் என்பது எனக்கும் பாசஞ்சர் வண்டியின் ஜன்னல் கம்பிக்கும் மட்டும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ‘இனாம் புரோகிராம்’ வந்து சேர்ந்தது. ஓப்பன் சோர்ஸ் என்ற பேச்சு அப்போதுதான் எங்கள் காதில் விழ ஆரம்பித்திருந்தது. சார் எங்கிருந்தோ ஒரு சிடி வாங்கிவந்து ஆய்வகத்தின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டார். அதன்மேல், மாணவிகள் வீட்டுப்பாடத்தை ஒப்படைக்க ஒரு மென்பொருள். உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற, ஒருவரையொருவர் பார்த்தேயிராத ஆட்கள் சேர்ந்து எழுதியது. காசு கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஒவ்வொரு மாணவியும் தன் பெயரில் ஒரு கணக்கு தொடங்கவேண்டும், அதில் பாடத்தைப் போடவேண்டும், நாங்கள் அதிலேயே மார்க் போடுவோம். நிர்வாகத்துக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இனாமாக வருவதில் என்ன யோக்கியதை இருக்கும் என்று கேட்டார்களாம்.

அவர்கள் வாய் பலித்தது. சில மாணவிகளுக்கு ஒரே பெயரில் இரண்டிரண்டு கணக்குகள் முளைத்தன. எல்லோருக்கும் அல்ல, அங்கொருத்திக்கு இங்கொருத்திக்கு. ஆனால் முளைத்ததெல்லாம் என் ஏ பிரிவில்தான். அவளுடைய பி பிரிவில் ஒன்றுகூடக் கிடையாது.

திசையன்விளையிலிருந்து ஒரு அப்பா வந்தார். மிளகாய் வற்றல் மண்டி வைத்திருப்பவர். அவர் மகள் முத்துச்செல்விக்கு நான் பூஜ்யம் போட்டிருந்தேன். கணக்கு காலியாக இருந்தது, போட்டேன்.

“எம் பொண்ணு பாடத்த எழுதிப் போட்டேங்கா. நீங்க இல்லேங்கிய. ரெண்டு பேருல யாரு டீச்சர் பொய் சொல்லுதா?” என்று சத்தமில்லாமல் கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

சார் முன்னிலையில் தேடிப் பார்த்தால், அந்தப் பெண்ணுக்கும் இரண்டு கணக்கு. பாடம் ஒன்றில், பூஜ்யம் இன்னொன்றில். சார் அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். “இன்டர்வியூ வாறதுக்குள்ள இத ஒருவழி பண்ணணும். யாரு பண்ணுதிய?” என்றார். கேள்வி என்னவோ பொதுவாகத்தான் கேட்டார். எங்களில் யார் சரிசெய்கிறோமோ அவளுக்குத்தான் இடம் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்கியதா தெரியாது. அவள் அப்போதே, “எப்பிடி வருதுன்னு பாக்கணுமே, ஆசையா இருக்கு” என்று கண்ணை விரித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒழுங்காக வேலை செய்தேன். புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். புதிதாக ஒருவர் பெயர் கொடுத்தால், ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் உண்டா’ என்று அது பார்க்கிறது. உண்டு என்றால் மறுக்கிறது, இல்லை என்றால் எழுதிக்கொள்கிறது. இதில் தப்பே இல்லை. என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கினேன், நிதானமாகத் திரும்பவும் தொடங்கிப் பார்த்தேன். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று சுத்தமாக மறுத்தது. அப்படியானால் பெண்கள்தான் ஏதோ சேட்டை செய்கிறார்கள் என்று முடிவுகட்டி, இரட்டைக் கணக்குகளைக் கண்டால் ஒன்றாகச் சேர்த்துவைக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். நன்றாகவே வேலை செய்தது. தினமும் சாயங்காலம் ஓட்டிவிட்டால் மறுநாள் காலை எல்லாம் சுத்தம். சாரிடம் காட்டினேன். “பரவால்லயே மேடம்” என்றார்.

அவளிடமும் காட்டினேன். காட்டியிருக்கவேண்டாம்.

“தரைய நல்லாத் தொடச்சிருக்கிய எக்கா. ஓடு எங்கன ஒழுகுதுன்னு பாத்தியளா?”

“ஒழுகலியே. நான் போட்டுப் பாத்தேன், ஒருதடவகூட வரல.”

“உங்க முன்னால வரல. அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு அவள் செய்தது என்ன என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. புரோகிராமைத் திறக்கவே இல்லை. ஆய்வகத்தில் என் வகுப்பு நடக்கும்போது வந்து ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். “ஒரு மூலையில இருந்துக்கிடுதேன் எக்கா. எல்லாரையும் சும்மா பரிச்சைக்குப் புதுசா ஒரு பேருல கணக்கு தொடங்கச் சொல்லுங்க” என்றாள். நான் சொன்னேன். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நானும் திரையைப் பார்த்தேன். அவள் மட்டும் பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து ஒருத்தியின் பின்னால் போய் நின்றாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் ஆய்வகத்தின் நடுவில் நின்று, “ஏட்டி, எல்லாரும் ஒருக்க கையத் தூக்குங்க. இப்பம் அந்த சப்மிட் பொத்தான அமுக்குங்க, பாப்போம்” என்றாள்.

டக் டக். டக் டக். டக் டக்.

ஆய்வகம் முழுக்க அதே சத்தம். இரண்டிரண்டாக.

அது நான் பழக்கிய தாளம். அந்தக் காலத்துத் திரையில் எந்த ஐகானைத் திறக்கவும் மவுஸை அடுத்தடுத்து இருமுறை அழுத்தவேண்டும். முதன்முதலாக மவுஸைத் தொடும் பெண்களுக்கு அது வராது. ஒன்று தட்டி நிறுத்துவார்கள், அல்லது மெதுவாக இரண்டு தட்டுவார்கள். நான் விடமாட்டேன். வருஷத்தின் முதல் வகுப்பிலேயே வாய்ப்பாடு சொல்லவைப்பது போல எல்லோரையும் சேர்ந்து தட்டவைப்பேன். ‘எதுன்னாலும் ரெண்டு தட்டு. நடுவுல மூச்சு விடக்கூடாது.’ என் பிரிவில் ஒருத்திக்கும் அது பிசகாது. அதில் எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் இணையப் பக்கத்தில் இருக்கிற பொத்தானுக்கு ஒரு தட்டு போதும். ரெண்டு தட்டினால் ஒரே பெயர் ரெண்டு தடவை போய்ச் சேரும். அவள் பி பிரிவில் ஏன் வரவில்லை? அவள் மவுஸையே ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை. அவள் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் எண்டர் விசையைத் தட்டிக்கொண்டு திரிந்தார்கள். சோம்பேறித்தனம் காப்பாற்றியது, அவ்வளவுதான்.

“ரெண்டு தட்டு தட்ட யாருட்டி சொல்லிக்குடுத்தா?” என்று அவள் கேட்டாள்.

“மேடம்தான்!” என்றது வகுப்பு மொத்தமும், பெருமையாக.

திரையில் பார்த்தால் ஒரு பெயர் இரண்டாக நின்றது. “கெட்டுட்டு எக்கா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவள் சிரித்த சிரிப்பில் துளி நஞ்சு இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

சார் வந்தார். நான் அவளை முந்திக்கொண்டு, “பிள்ளைங்க தப்பா அழுத்துதாங்க சார். ஒருதடவ அழுத்தச் சொல்லிட்டா சரியாப்போவும்” என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“அவங்க மேலயும் தப்பில்ல, எக்கா மேலயும் தப்பில்ல சார். மனுசங்க ரெண்டு தட்டு தட்டத்தான் செய்வாங்க. புரோகிராம்தான் ஏமாறுது. இப்பம் பாளை பஸ் ஸ்டாண்டுல என்ன செய்வோம்? பஸ் வந்ததும் ஜன்னல் வழியா எட்டிப் பாப்போம். சீட்டு காலியா இருந்தா துண்டப் போடுவோம். இந்தப் பக்கத்து ஜன்னல்ல நான் எட்டிப் பாக்கேன், காலி. அந்தப் பக்கத்து ஜன்னல்ல எக்கா எட்டிப் பாக்காவ, காலி. ரெண்டு பேரும் துண்டப் போடுதோம். ரெண்டு பேரும் பாத்தது நெசந்தான். ஆனா ஒரு சீட்டுல ரெண்டு துண்டு.”

சார் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் எரிந்தது. முதல் தட்டு போய் ‘ஆள் உண்டா’ என்று கேட்கிறது, ‘இல்லை’ என்று பதில் வருகிறது. பழைய கம்ப்யூட்டர், வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் மோதுகிறது, எழுதிக்கொள்ளக் கொஞ்சம் தாமதம். அந்த இடைவெளியில் இரண்டாவது தட்டும் வந்து கேட்கிறது. அதற்கும் ‘இல்லை’ என்றே பதில். நான் வரிவரியாகப் படித்த அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில்தான் கோளாறு இருந்திருக்கிறது.

“அப்பம் என்னம்மா செய்யணும்?” என்றார் சார்.

“முதல்ல துண்டப் போடணும் சார். பெறவுதான் காலியான்னு கேக்கணும். ஒரு துண்டு கெடந்தா ரெண்டாவது வாறவங்க வாசல்லயே நிக்கணும்.”

அதைத்தான் எழுதினாள். கொஞ்ச வரிகள்தான். எழுதிவிட்டு என்னையே கூப்பிட்டு, “எக்கா, உங்க பிள்ளைங்கள வச்சு ஒடைங்க, பாப்போம்” என்றாள். என் வகுப்பு டக் டக் என்று தட்டித் தீர்த்தது. ஒன்றுக்கு மேல் முளைக்கவில்லை. நான் அவளுக்குத் தெரியாமல் பிறகும் தனியாக உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். உடையவில்லை.

அந்தத் திருத்தத்தை சார் மின்னஞ்சலில் புரோகிராம் எழுதியவர்களுக்கு அனுப்பிவைத்தார். பதில் வந்தது. வேறு ஊர்களிலிருந்தும் இதே புகார் வந்ததாம், தங்கள் கண்முன் ஒருமுறைகூட நிகழாததால் விட்டுவிட்டார்களாம். அடுத்த பதிப்பில் திருத்தத்தைச் சேர்த்து, அதைச் செய்தவர் என்று அவள் பெயரைப் போட்டிருந்தார்கள். சார் அதை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். போய்ப் பார்த்தேன். அவள் பெயருக்குப் பக்கத்திலேயே என் பெயரும் இருந்தது. அவள்தான் எழுதச் சொல்லியிருக்கிறாள், கண்டுபிடிக்க உதவியவர் என்று. முதலில் அவள், இரண்டாவதாக நான். ரெண்டாவது வருகிறவர் வாசலில் நிற்கவேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட ஒரு திருத்தத்தின் கீழே. அந்தத் தாள் காற்றில் கிழிந்து விழும்வரைக்கும் நான் அந்தப் பக்கமாகப் போகவில்லை, மாடிப்படி சுற்றித்தான் போனேன்.

நேர்முகத் தேர்வுக்கு நான் வெறிபிடித்துப் படித்தேன். அவளுக்குத் தெரியாத, தெரியவே வாய்ப்பில்லாத பாடங்களாகப் பார்த்துப் படித்தேன். அவள் உட்கார்ந்திருக்கும் அதே வரிசையில் உட்கார்ந்து, அவள் கண்முன்னால் ஜெயிக்கவேண்டும். வேலைக்காக மட்டுமல்ல. வேலையைவிட இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

முந்தின நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவளோடு நின்றேன். ஊருக்குப் போகிறாள், கையில் பெரிய பெட்டி.

“எக்கா, நாளைக்கு நான் வரல” என்றாள். “பெங்களூருல ஒரு கம்பெனியில கூப்புட்டுருக்காவ. அந்தத் திருத்தத்தப் பாத்துட்டுத்தான். வீட்டுல சொல்லிட்டுக் கெளம்பணும்.”

எனக்கு வந்தது சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. “இன்டர்வியூவுக்கு வந்துட்டுப் போயேன். ஒருநாள்தான?”

“எதுக்கு?”

“சும்மா. வந்து உக்காந்து எந்திரிச்சுப் போ.”

“வேண்டாத சீட்டுல துண்டப் போடச் சொல்லுதியளா? அது உங்க சீட்டு எக்கா.”

பஸ் வந்துவிட்டது. கூட்டம் ஜன்னல்களில் பாய்ந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். எப்போதும் சிரிக்கிற முகம் அப்போது சிரிக்கவில்லை.

“உங்களுக்கு எம்மேல கடுப்பு உண்டுன்னு தெரியும். ஒருநாளும் என் கண்ணு முன்னால காட்டல. ஒருக்க சண்ட போட்டுருக்கலாம்லா? சரி பண்ணிருப்பேன்.”

“போளா, கிறுக்கி. கடுப்பாவது ஒண்ணாவது” என்று சிரித்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், எலக்ட்ரீசியன் வந்ததும் ஒழுங்காக எரிந்த டியூப்லைட்டைப் பார்த்தது போல. கண்டக்டர் விசில் அடித்தார்.

மறுநாள் தேர்வில் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மூன்று கேள்விகளோடு முடித்துவிட்டார்கள். நான் படித்தது எதையும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் சார், “வாழ்த்துகள் மேடம்” என்று கைகொடுத்துவிட்டு, “அந்தப் புள்ள இருந்திருந்தா எங்களுக்குச் சிரமமாப் போயிருக்கும்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எங்களில் யாரை வேண்டாம் என்று சொல்வதில் சிரமம் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, இன்று நானே துறைத்தலைவர். ஆனால் அவளை நான் ஜெயித்தேனா? அந்தப் போட்டி என் கண்முன்னால் நடக்கவே இல்லை.

அவள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாள் என்று தெரியும், என்ன பதவி என்றும் தெரியும். தேடிப் பார்த்ததில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

மகன் சென்னையில் இருக்கிறான். மாதம் ஒருமுறை நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுவேன், கம்ப்யூட்டரில். பணம் கட்டும் பக்கத்தில் கீழே ஒரு வரி இருக்கும், பொத்தானை ஒருமுறை மட்டும் அழுத்தவும் என்று. யாரோ எவருக்கோ எழுதிய வரிதான். எனக்கு அது அவள் குரலில்தான் கேட்கும். உடனே கை தானாக மவுஸுக்குப் போகும். நடுவில் மூச்சு விடாமல், டக் டக்.

ஒருதடவையாவது இரண்டு டிக்கெட் வரட்டும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றுதான் வரும்.